சந்தகைக்கு இரண்டு ஆள்

சென்னிமலை
மார்கழி, வெள்ளிக்கிழமை

கண்ணு அம்மிணிக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் நல்லாயிருக்கிறோம். பெரியவன், பாப்பா, மாப்பிள்ளை, நீ எல்லோரும் சுகமாக இருக்கோணும்னு சென்னியாண்டவரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேச உட்கார்ந்தால் பாப்பா அழுகிறாள், நீ பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி இதைப் போட்டோ பிடித்து அனுப்புவான். ஒரே மூச்சில் படிக்கோணும்னு இல்லை. பாப்பா தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

செவ்வாய்க்கிழமை நீ கேட்டது எனக்கு மனசை விட்டுப் போகவில்லை. "நீ மூணு பேரை வெச்சுக்கிட்டு தறியும் நெய்ஞ்சியேம்மா. நான் ரெண்டை வெச்சுக்கிட்டே இப்படித் தடுமாறறனே, எங்கிட்ட என்ன குறை?" என்றாய். உன்னிடம் ஒரு குறையும் இல்லை சாமி. நீ போடுகிற கணக்குத்தான் தப்பு. மூணு பேரையும் நான் ஒருத்தியே வளர்த்ததாக நினைத்துக்கொண்டு, அதோடு உன்னைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறாய். உங்களை யார் யார் வளர்த்தார்கள் என்று இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீயே பார்.

நீ பிறந்தபோது வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் நான். ராட்டையில் உட்கார்ந்து குச்சியில் நூல் தார் சுற்றுவது உங்க அப்பத்தா. விட்டத்தில் என் பழைய சேலையில் தொட்டில் தொங்கும். ராட்டைக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் தொட்டில் கயிற்றின் நுனியை அப்பத்தா கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். தார் சுற்றுகிற வேலையும் நடக்கும், தொட்டிலும் ஆடும். தறிச் சத்தத்தில் நீ நன்றாகத் தூங்குவாய். சத்தம் நின்றால் முழித்துக்கொள்வாய். என் தறியில் நூல் அறுந்து நான் முடிச்சுப் போடக் குனிந்தால், அப்பா தன் தறியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பார், நீ எழுந்துவிடக் கூடாது என்று.

உன்னை ஒரு வயசு வரைக்கும் குளிப்பாட்டியது நான் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வெந்நீர் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் உன்னைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து அப்பத்தாதான் தண்ணீர் ஊற்றுவார். சாம்பிராணி காட்டித் துண்டில் சுற்றி என் மடியில் கொண்டுவந்து போடுவார். நான் பால் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் எனக்கும் ஒரு டம்ளர் கம்மங்கூழ் கைக்கு வந்துவிடும். "பால் குடுக்கறவ வயிறு காயக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவார். நீ பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போடுகிறேன் என்றாயே, அப்போது உனக்கு டம்ளர் நீட்டுவது யார் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன். தூக்கம் வரவில்லை.

எதிர்வீட்டு அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ 'பெரியம்மா' என்று கூப்பிடுவாய், ஆனால் நமக்கு ஒரு வகையிலும் சொந்தம் இல்லை. சனிக்கிழமை நெய்த போர்வைகளை நெசவாளர் சங்கத்தில் போட்டுக் கூலி வாங்கி, அடுத்த வாரத்துக்கு நூல் வாங்கி வரோணும். கூட்டமாக இருந்தால் நேரம் போய்விடும். நீ கைப்பிள்ளை. அந்த அக்காவுக்கும் கைப்பிள்ளை. நான் வரத் தாமதமானால், தன் பிள்ளையோடு உன்னையும் மடியில் போட்டுப் பால் கொடுத்து அமர்த்தி வைத்திருப்பார். நான் நெஞ்சு கட்டிப்போய் வேகமாக நடந்து வருவேன். நீ பசியாறித் தூங்கிக்கொண்டிருப்பாய். அவருக்கு இதற்கெல்லாம் நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததில்லை. அவர் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது அவர் வீட்டுக்கு நான் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். அவ்வளவுதான்.

தெருவே அப்படித்தான் இருந்தது. வெடியால தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் நாளில் பெரியவர்கள் எல்லோரும் வெளியில்தான் இருப்பார்கள். பாவுக்குள் ஓடுகிற பிள்ளையை யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் அதட்டுவார்கள். பொழுதோட அதே பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறும் போடுவார்கள். உன் அண்ணன் எத்தனை ராத்திரி எந்த வீட்டில் சாப்பிட்டான் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் பால்வாடி. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த பிறகு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு கிடைத்தது. பிள்ளைகள் பசியாறின திட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். தாய்மாருக்கு அது என்னவாக இருந்தது என்று யாரும் சொல்லக் காணோம். எனக்கு அது மத்தியானம் அடுப்புப் பற்ற வைக்காமல் தறியில் உட்கார்ந்த நேரம். அந்த நேரத்தில் நெய்ததுதான் உங்களுக்கு நோட்டும் பேனாவும் ஆனது. 2022ல் தொடங்கின காலை உணவும் இப்போது அரசு தொடக்கப் பள்ளிகளில் போடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற நம் தெருப் பெண்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலே வேறாக இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வேளைச் சோற்றை வேறு யாரோ பொறுப்பாகப் போடுகிறார்கள் என்றால், அம்மாவின் காலைப்பொழுதில் அது எவ்வளவு பெரிய இடம் என்று செய்கிறவளுக்குத்தான் தெரியும்.

உங்க அப்பாவையும் சொல்லோணும். மாதக் கிருத்திகைக்கு மூணு பேரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். சின்னவன் தோளில், நீ கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் முன்னால். 1320 படி. அடிவாரத்தில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமந்து ஏறுகிற பொதிகாளைகளைப் பார்க்காமல் நீ நகர மாட்டாய். 1984ல் காளைகள் வண்டியோடு படியேறி மேலே போன கதையை ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்பாய். நீங்கள் இறங்கி வருவதற்குள் நான் புதுப்பாவு பிணைத்து முடித்துவிடுவேன். பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்கிற வேலை அது. பக்கத்தில் பிள்ளை இருந்தால் நடக்கவே நடக்காது. உங்களை மலைக்குக் கூட்டிப் போனது சாமி கும்பிட மட்டும் இல்லை, எனக்குக் கை ஒழியட்டும் என்றுதான். அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கிருத்திகைக்குப் பாவு வந்து நிற்கிற மாதிரி அவரே பார்த்துக்கொள்வார்.

இப்போது எண்ணிப் பார். அப்பத்தா, அப்பா, எதிர்வீட்டு அக்கா, பால்வாடி டீச்சர், சோறாக்குகிற ஆயா, தெருவில் இருந்த அத்தனை பெரியவர்கள். இத்தனை பேர் செய்ததை நீ ஆறாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தியாகச் செய்கிறாய். அதற்கு மேல் கம்பெனி வேலை. அம்மாவை விட நான் மட்டம் என்று இனி ஒரு தடவை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

உன் காலம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. உன் பெரிய அத்தைக்கு ஒரு கால் சூம்பிப்போனது இளம்பிள்ளைவாதத்தில். அந்தப் பயம் எங்கள் ஒவ்வொருத்தி வயிற்றிலும் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் காலை ஆட்டுகிறானா என்றுதான் தொட்டுப் பார்ப்போம். 1995ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினபோது உன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பக்கத்தில் அத்தையும் காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. 2014ல் இந்தியாவில் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தார்கள். நீ அந்தப் பயம் தெரியாமல் பிள்ளை வளர்க்கிறாய். அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. பாப்பாவுக்கு ஒன்பது மாத ஊசி போட்டாயிற்று என்று சொன்னாய், சந்தோஷம். அட்டையைப் பத்திரமாக வை.

பாப்பா மூக்கில் எண்ணெய் விடாதே, ஒரு வயசுக்கு முன்னால் தேன் தொட்டு வைக்காதே என்று உங்கள் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு நட. ஊரில் யார் என்ன சொன்னாலும் சரி. அப்பத்தா கைமருந்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அப்பத்தாவும் புதுசாக ஒன்று தெரிந்தால் கேட்டுக்கொள்கிற மனுஷிதான்.

சந்தகை விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சந்தகை செய்யப் போய், மாவு ஆறிப்போய்ப் பிழிய வராமல், பாப்பா இடுப்பில் அழ, பெரியவன் காலைக் கட்டிக்கொள்ள, நீயும் உட்கார்ந்து அழுதுவிட்டாய் என்று சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு இங்கே கை நடுங்கியது. சந்தகையைத் தனி ஆளாகச் செய்து நீ எங்கே பார்த்திருக்கிறாய்? அரிசியை ஊற வைத்து ஆட்டி, இட்லியாக வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் நாழியில் போட்டுப் பிழியோணும். ஒருத்தர் அழுத்தினால் ஒருத்தர் கீழே தட்டைச் சுற்றிக் காட்டோணும். மூணாவதாக ஒருத்தர் அடுப்பில் இருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கோணும். நம் வீட்டு மரச் சந்தகையின் கம்பில் நீயும் அண்ணனும் தொங்குவீர்கள், உங்கள் கனம் எல்லாம் சேர்ந்துதான் மாவு இறங்கும். அப்பத்தா தட்டைப் பிடிப்பார். நான் தேங்காய்ப்பால் பிழிவேன். அப்பா நாட்டுச்சக்கரையை நுணுக்கிக்கொண்டிருப்பார். வீட்டில் ஒறம்பரை, விருந்தாள் வந்தால்தான் சந்தகை என்று வைத்திருந்ததே இதற்காகத்தான். அப்போது கை நிறைய இருக்கும். நீ அழுதது உன் கைப்பக்குவத்தில் குறை இருந்து இல்லை கண்ணு. ஒரு வீடே கூடிச் செய்கிற பலகாரத்தை இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி செய்யப் பார்த்தாய்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். "என்ன வேணும்னு சொல்லு, செய்யறேன்" என்கிறார் என்றாய். அதிலும் பாதி வேலை உன் தலையில்தான் நிற்கிறது. எது எப்போது வேண்டும் என்று நினைத்து வைத்துக்கொள்வதே ஒரு பெரிய வேலை. அதையும் சேர்த்துக் கொடு. பெரியவனைக் காலையில் எழுப்புவது, குளிக்க வைப்பது, டிபன் கட்டுவது, வேனில் ஏற்றுவது வரைக்கும் முழுசாக அவருடையது என்று சொல்லிவிடு. பையில் கர்ச்சீப் இருக்கிறதா என்று நீ எட்டிப் பார்க்காதே. நான் சொன்னதாகவே சொல். மாப்பிள்ளைங்க தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டாலும் நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

கம்பெனியிலும் கேள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளைகள் காப்பகம் இருக்கோணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்க விடோணும் என்று 2017ல் சட்டத்தைத் திருத்தினபோதே வந்துவிட்டதாம். உன் தம்பி படித்துக் காட்டினான். 26 வாரச் சம்பள லீவும் அதில் வந்ததுதான். எனக்குத் தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. உனக்கு எழுத்தில் இருக்கிறதைக் கேட்க என்ன தயக்கம்? காப்பகம் எங்கே என்று உங்கள் ஆபீசில் எழுத்தில் கேள்.

சமையலைச் சுருக்கு. தினம் ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று யார் கேட்டார்கள்? வாரத்தில் மூணு ராத்திரி அரிசிம்பருப்பு சோறு போடு. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. நல்லெண்ணெய் கொஞ்சம் ஊற்றி, கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு கை சின்ன வெங்காயமும் நாலு பல் பூண்டும் வதக்கி, மஞ்சள்தூள் போட்டுத் தண்ணீர் தாராளமாக விட்டுக் குக்கரை மூடு. மிளகாயை விட்டுவிட்டு மிளகு இரண்டைத் தட்டிப் போட்டால் ஒரே சோற்றைப் பெரியவனும் சாப்பிடுவான், பாப்பாவும் சாப்பிடுவாள். குக்கரிலேயே உப்பு போட்டுவிட்டால் பாப்பாவுக்குத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது என்பதால் உப்பைக் கடைசியில் உங்கள் தட்டில் கலந்துகொள்ளலாம். மேலே ஒரு கரண்டி நெய். நீங்கள் மூணு பேரும் பாதி நாள் இதைத் தின்றுதான் வளர்ந்தீர்கள். வளர்ந்ததில் ஒரு குறையும் காணோம்.

வெங்காயத்தைப் பெரியவனை உரிக்க விடு. நாலு வயசுக் கைக்குச் சின்ன வெங்காயம் சரியாக இருக்கும். மெதுவாகத்தான் உரிப்பான், தோல் எல்லாம் கீழே சிந்தும். சிந்தட்டும். நீ சமைக்கிற சித்த நேரம் அவன் டிவி பார்த்தால் குடி முழுகிவிடாது, ஐந்து வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் போதும் என்கிறார்கள். பாப்பாவுக்கு மட்டும் போனைக் காட்டாதே. ஆனால் அவனுக்கு உன் பக்கத்தில் ஒரு வேலை இருந்தால் அவன் டிவியையே மறப்பான். நீ தார்க்குச்சிகளை நிறம் பார்த்துப் பிரித்து அடுக்கின வயசும் அதுதான்.

இன்னொன்றும் சொன்னாய். நாள் பூரா ஓடியும் ராத்திரி படுக்கும்போது எதுவும் செய்த மாதிரியே இல்லை என்று. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. தறியில் உட்கார்ந்தால் பொழுதோட, நெய்த துணி சுருண்டு நிற்கிற படைமரத்தைத் தொட்டுப் பார்த்து இன்றைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடலாம். பிள்ளை வேலையில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. கழுவின கிண்ணம் மறுபடி எச்சில், மடித்த துணி மறுபடி ஈரம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் எனக்கு நெய்த போர்வை ஒன்று கண்ணுக்கு முன்னால் இருந்தது, அது என்னைத் தாங்கிக்கொண்டது. அதனால்தான் நீ வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. விடாதே என்பதுதான் என் எண்ணம். பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை, உனக்கு ஒரு படைமரம் வேண்டும். களைப்புத் தாங்காமல் நீ வேறு மாதிரி முடிவு செய்தாலும் நான் உன் பக்கம்தான்.

உன் பக்கத்து ப்ளாட்டில் கன்னடக்கார அம்மா ஒருத்தர், பாப்பாவை லிஃப்டில் பார்த்தால் கொஞ்சுவார் என்றாயே, அவர் கதவைத் தட்டு. அரை மணி நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேள். என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதே. எதிர்வீட்டு அக்காவிடம் நான் கேட்டதே இல்லை, அவராக வந்து தூக்கிப் போனார். ஏனென்றால் இரண்டு வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. உன் ஊரில் கதவு சாத்தியிருக்கிறது, அதனால் தட்டித்தான் கேட்கோணும். போகும்போது கொஞ்சம் கச்சாயம் கொண்டு போ, பார்சலில் வைத்திருக்கிறேன்.

தைப்பூசத் தேருக்கு நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு எல்லோரும் வாருங்கள். பெரியவனின் அப்புச்சி, அதான் உங்க அப்பா, அவனை மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். முழங்கால் வலி இருக்கிறது, பாதி வரைக்கும்தான் முடியும், ஆனாலும் பொதிகாளையைக் காட்டியே தீருவேன் என்று நிற்கிறார். மகாதரிசனம் முடிந்ததும் உங்களோடேயே நானும் ஈரோட்டில் இன்டர்சிட்டி ஏறி வந்துவிடுகிறேன். அப்பாவை உன் தம்பி பார்த்துக்கொள்வான். சித்திரை வரைக்கும் இருப்பேன். வந்ததும் எனக்குச் சேலை, சினிமா என்று அலையாதே. பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு நீ தூங்கு.

பார்சல் போட்டாயிற்று. ராகி மாவு, கொள்ளு, நாட்டுச்சக்கரை, கச்சாயம், பிள்ளைகளுக்கு இரண்டு போர்வை. பெங்களூர் குளிருக்கு அது கதகதப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து சேரும் என்றார்கள். கீழே செக்யூரிட்டியிடம் சொல்லி வை. டப்பா கனம், நீ தூக்காதே. மாப்பிள்ளையைத் தூக்கி வரச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா